டிரம்பெட்டில் திணித்த துணி

போன மாதம் முன்பற்களைப் பிடுங்கிப் பல்செட் மாட்டிய நாளிலிருந்து லூஷியஸ் பெட்டிஃபோர்டுக்கு உயிர் உயிராய் இல்லை. முப்பது வருடமாக டிரம்பெட் ஊதிய மனிதர். இப்போது உதட்டை அழுத்தினால் பல்செட் ஆடுகிறது. காற்று வருகிறது, சுரம் வரவில்லை. இது மனைவி ஒடெஸாவுக்கு மட்டும்தான் தெரியும். சனிக்கிழமைதோறும் நடனக் கூடத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டு வாசிக்கும் ஹோபார்ட்டிடம், காய்ச்சல் என்று சொல்லிவைத்திருந்தார். பல் போனது தெரிந்தால் அந்த நாற்காலியும் போய்விடும். ஊதியே பிழைத்தவன் அப்புறம் எங்கே போவான், சொல்லுங்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த சினிமா வேலை வந்தது. ஒரு காலத்தில் அவர் வாசித்த ஜாஸ் குழுவின் தலைவர், காலமான ரூஃபஸ் கெய்னின் கதை. இசையை முன்பே பதிவு செய்துவிட்டார்கள். டிரம்பெட்டின் அகன்ற வாயில் சத்தம் வராமல் துணியைத் திணித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் வருவதற்கு ஏற்ப விரலை ஆட்டினால் போதும். துணி இருக்கிறவரை பல் உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றுதான்.

மதியம் டைரக்டர் படப்பிடிப்பை நிறுத்தினார்.

"ஒருத்தருக்கும் கன்னமே உப்பலையேப்பா. துணியை எடுத்துட்டு நிஜமா வாசிங்க. பெரியவரே, நடுவுல வர்ற தனி வாசிப்பு அந்தக் காலத்துல உங்களோடதுதானே? எழுந்து நின்னு ஊதுங்க."

லூஷியஸ் துணியை மெதுவாக உருவினார். பக்கத்து நாற்காலியில் டிரம்பெட்டோடு இருந்தவன் அந்த ஹோபார்ட்டேதான்.

"என்ன அண்ணே, கை இப்படி நடுங்குது?"

"குளுருதுப்பா."

"இந்த விளக்குச் சூட்டுலயா? நல்லாத்தான் குளுரும்."

குழு வாசிக்கத் தொடங்கியது. அவருடைய இடம் வந்தது. எழுந்தார். ஓடிப்போய்விடலாமா என்றுகூட நினைத்தார், பாவம். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். பல்செட் நழுவியது; புஸ்ஸென்று வெறும் காற்று.

ஆனால் படப்பிடிப்புத் தளம் முழுக்க டிரம்பெட் கேட்டது. ஹோபார்ட் தலையைக் குனிந்துகொண்டு, தன் பகுதியை விட்டுவிட்டு, அவருடையதை ஊதிக்கொண்டிருந்தான். லூஷியஸ் கன்னத்தை உப்பிக்கொண்டு விரலை மட்டும் ஆட்டினார்.

"இதுதான் அசல் கை," என்றார் டைரக்டர். எல்லாரும் கைதட்டினார்கள்.

லூஷியஸ் உட்கார்ந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை வராதீங்க அண்ணே," என்றான் ஹோபார்ட், மெதுவாக. "அங்க நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊத முடியாது."

அவர் தலையாட்டினார். டைரக்டர் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார்.

"எழுந்திருங்க அண்ணே," என்றான் ஹோபார்ட். "நான் ஊதுறேன்."