ஹெச் எழுத்து இல்லாத பென்னி

சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணய ஏலம் நடக்கும். முப்பது பேர் வருவார்கள். அதில் பெண் என்று நான் ஒருத்திதான். ஏலத்தை நடத்தியவர் நான் பிறந்த தோட்டத்துக் கிராணியின் மகன். பெடாஸ் பக்கத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். அவர் அப்பா ஆபீசில் உட்கார்ந்து கூலிகளுக்குப் பேர் போட்டுக் கணக்கு எழுதினார். என் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தாள். கூலிகள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் கிராணி மகனைச் 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட வேண்டும். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, கிராணியும் இல்லை, எல்லாம் செம்பனை. ஆனாலும் அந்த மாடியில் இரண்டு பேர் அவரைச் சின்னய்யா என்றே அழைத்தார்கள். அறுபது வயது மனிதர் அதற்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். நான் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை.

செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பற்றவைத்த புள்ளிகளைப் பார்ப்பதுதான் வேலை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். வேலையை விட்ட பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. சிரம்பான் பழைய சாமான் சந்தையில் ஒருநாள் ஒரு பிடி பிரிட்டிஷ் பென்னிகளைப் பத்து மலேசிய வெள்ளிக்கு வாங்கிவந்தேன். கொண்டை போட்ட பழைய ராணியின் தலை ஒரு பக்கம், ஈட்டி பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண் மறுபக்கம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே வருடத்துக் காசுகளில்கூட ஒன்றுபோல் ஒன்று இல்லை. விளிம்பில் மணி வரிசையா, பல் வரிசையா என்ற வித்தியாசத்துக்கே விலை பல மடங்கு ஏறும் என்று பிறகு தெரிந்தது. அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

இங்கிலாந்து ஏலங்களில் நேரடியாக வாங்கலாம். ஆனால் சுத்தியல் விழுந்த விலையோடு முடிவதில்லை. ஏலக்காரனுக்குத் தரகு, தபால், காப்புறுதி, இங்கே வந்ததும் வரி என்று பெடாஸில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் விலை இரட்டித்திருக்கும். ஓய்வு பெற்றவளுக்கு அது கட்டாது. அதனால் ரஹாங் மாடியைவிட்டால் எனக்கு வேறு இடம் இல்லை. கிராணி மகனுக்கும் அது தெரியும்.

முதல் வருடம், யாரும் கைவைக்காத காசு என்று அவர் சொன்ன ஒரு பென்னியை வாங்கினேன். வீட்டில் வாங்கிவைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ராணியின் கன்னமெல்லாம் துடைத்த கோடு. பாலிஷ் போட்டுவிட்டு, மருந்து வைத்துக் கறுக்கச் செய்திருந்தார்கள். அடுத்த மாதம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையில்கூட வாங்காமல் சுவரில் ஒட்டியிருந்த விதித்தாளைக் காட்டினார்.

"பாத்து எடுத்தா எடுத்ததுதான்மா. ரூல் ரூல்தான். படிக்கத் தெரியும்லா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு வேறொன்றைக் கவனித்தேன். ஏலத்துக்கு முன் அரைமணி நேரம் காசுகளை எடுத்துப் பார்க்க விடுவார்கள். எந்தக் காசை நான் இரண்டாவது தரம் கையில் எடுக்கிறேனோ, ஏலத்தில் அந்தக் காசுக்குப் பின்வரிசையிலிருந்து கிராணி மகனின் மச்சான் ஏலம் கேட்கும் எண் அட்டையைத் தூக்குவார். மச்சானுக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒருமுறை தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரசித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நான் படியேறும்போது மேலே கிராணி மகன் அவரிடம் சொல்வது காதில் விழுந்தது.

"அது எதப் பாக்குதோ அத எடு. கண்ணு அதுக்கு இருக்கு, காசு நமக்கு இருக்கு."

'அது' என்றது என்னை. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. உள்ளே போய் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் விரும்பிய எதையும் தொடவில்லை. சும்மா ஒரு பல்லிளித்த அரைப்பென்னியை மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். மச்சான் அதை எண்பது வெள்ளிக்கு எடுத்தார். ஐந்து வெள்ளிகூடப் பெறாது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவர்களை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகலாம் என்று.

சில மாதம் கழித்து போர்டிக்சனிலிருந்து ஒரு பென்னி ஏலத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், எழுபது வயதிருக்கும். அவருடைய அப்பா இராணுவ முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குச் சமைத்தவராம். ஒரு பிஸ்கட் டின் நிறையக் காசு விட்டுப் போயிருந்தார். அதில் ஒன்று 1882-ஆம் ஆண்டுப் பென்னி. அந்த வருடத்துப் பென்னிகளை அநேகமாக எல்லாமே ஒரு தனியார் பட்டறைதான் அச்சடித்தது. தேதிக்குக் கீழே சின்னதாக ஹெச் என்ற எழுத்தைப் போட்டது. தேய்ந்த காசில் அந்த எழுத்து இருந்தால் பத்து, இருபது வெள்ளி. இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் போகும், அவ்வளவு அபூர்வம். அதனாலேயே எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு.

அந்தக் காசில் ஹெச் இல்லை. கூட்டமே எட்டிப் பார்த்தது. என் முறை வந்தபோது லென்ஸை வைத்தேன். தேதிக்குக் கீழே உலோகம் லேசாகக் குழிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். ஊசிமுனைபோல எதையோ வைத்து யாரோ பொறுமையாகச் செய்த வேலை.

நிமிர்ந்தபோது கிராணி மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காசை உடனே கீழே வைக்கவில்லை. விளக்குப் பக்கம் கொண்டுபோனேன். மறுபடி பார்த்தேன். விரல்களைக் கொஞ்சம் நடுங்கவிட்டேன். நாற்காலிக்குப் போய்விட்டு, மூன்றாவது தரமும் எழுந்து வந்து பார்த்தேன்.

அறுநூறு வெள்ளியில் தொடங்கியது. ஆயிரத்து ஐந்நூறில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். பிறகு நானும் மச்சானும்தான். இரண்டாயிரம் என்றேன். அவர் அட்டையைத் தூக்கினார். மூவாயிரம். தூக்கினார். நாலாயிரத்து ஐந்நூறு என்று நான் சொன்னபோது மச்சான் தயங்கினார். அங்கே நின்றிருந்தால் அந்தக் குப்பை என் தலையில் விழுந்திருக்கும். கிராணி மகன் மேசையில் பென்சிலைத் தட்டினார். "ஒரு தரம்..." என்று இழுத்துக்கொண்டே மச்சானை முறைத்தார்.

"நாலாயிரத்து எண்ணூறு," என்றார் மச்சான்.

நான் அட்டையை மடியில் கவிழ்த்தேன்.

"என்னாம்மா, போதுமா?"

"போதும்லா. எனக்கு அவ்வளவு வசதி இல்ல."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" அவர் சத்தம் கீழே பலசரக்குக் கடைவரை கேட்டிருக்கும். நான் வெளியே வந்து சாப்பாட்டுக்கடையில் ரொட்டி சானாய் இரண்டு வாங்கி நிதானமாகச் சாப்பிட்டேன். வெகுநாளாக அப்படிப் பசித்ததில்லை. அந்த லாரி ஓட்டுநரின் முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அவர் என் வீட்டு வாசலில் நின்றார். இரண்டு பஸ் மாறி, யாரிடமோ விலாசம் கேட்டு வந்திருந்தார். தேநீர் கொடுத்தேன். குடிக்காமலே பேசினார். கிராணி மகன் சான்றிதழுக்காகக் காசை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எழுத்து சுரண்டப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவரும் மச்சானும் மூன்று தரம் போர்டிக்சனுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது தரம் மருமகள் முன்னாலேயே 'திருட்டுக் கிழவன்' என்று கத்தியிருக்கிறார்கள். பணம் கூரைத் தகரமாக வீட்டின் மேலே ஏறிவிட்டது.

"தங்கச்சி, நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்," என்றார். "நாலாயிரத்து ஐந்நூறு வரைக்கும் கேட்டீங்களே, சும்மாவா கேப்பீங்க? கண்ணு தெரிஞ்ச ஆளுன்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. அது அசல்னு நீங்க சொன்னா அடங்கிருவாங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் பொய் ஏலத்தையே அவர் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அண்ணே, அது அசல் இல்ல."

"எங்கப்பா அப்படிச் செய்ற ஆளு இல்ல."

"அவரு செஞ்சிருக்க மாட்டாரு. அவரு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாரோ செஞ்சிருக்கணும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. கையில எடுத்தப்பவே."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"அவங்கள மாட்டிவிடணும்னுதான்."

"அப்ப நான் யாரு? உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் வீட்டு வாசல்தான் கெடச்சுதா?" குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்கிட்ட அன்னைக்கே காதோட சொல்லியிருந்தா காச எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

மோட்டார் சைக்கிளில் பஸ் நிலையம்வரை கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று நடந்தே போனார்.

அடுத்த ஏலத்தில் முதல் காசைத் தூக்குவதற்குள் எழுந்து நின்றேன். போர்டிக்சன் பென்னி சுரண்டப்பட்டது என்று எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தேதான் விலையை ஏற்றினேன், பெரியவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் வீட்டுக்கு இனி யாரும் போகக்கூடாது என்றேன். கிராணி மகனின் முகம் கறுத்தது.

"கேட்டீங்களா? வாயாலேயே ஒத்துக்குது! அப்ப நீ குடு காச."

"பாத்து எடுத்தா எடுத்ததுதான். உங்க ரூல்தான்."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். முன்வரிசையில் ஒரு வயதான சீனர் உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். அவர் கையைக் காட்டி நிறுத்தி, மலாயில் கேட்டார்: அந்தப் பென்னியை வாங்கியது யார், நீயா, உன் மச்சானா?

"மச்சான்தான்."

அப்படியென்றால் அந்தக் கிழவரிடம் பணம் கேட்க நீ ஏன் போனாய்?

மச்சான் தன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் விடுகிறவரே மச்சான் கையால் ஏலம் கேட்டு வந்திருக்கிறார் என்பது பாதிப் பேருக்கு முன்பே தெரியும். வாயைத் திறந்து கேட்டது அன்றைக்குத்தான். சீனர் மெதுவாகச் சொன்னார்: காசு உன்னுடையது, நஷ்டமும் உன்னுடையது. இன்னொரு தரம் அந்த வீட்டுக்குப் போனாய் என்று தெரிந்தால் நாங்கள் யாரும் இங்கே வரமாட்டோம். பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் இனி வராதே என்றார். என் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன்.

படிக்கட்டுவரை பின்னால் வந்தார் கிராணி மகன். "லயத்துப் புத்தி போகல பாரு."

"அந்தப் புத்திதான் உங்ககிட்டேர்ந்து நாலாயிரத்து எண்ணூறு வாங்குச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அதைச் சொன்ன சந்தோஷம் ரஹாங் சாலை முனைவரைகூடத் தாங்கவில்லை.

அவர்கள் போர்டிக்சனுக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஏலம் இன்னும் அதே மாடியில் நடக்கிறது. நான் இங்கிலாந்து ஏலங்களைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு காசு வாங்க முடிகிறது.

போன மாதம் போர்டிக்சன் ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாற்காலி தள்ளி அந்த லாரி ஓட்டுநர். "அண்ணே," என்று கூப்பிட்டேன். திரும்பினார். என்னை அடையாளம் தெரிந்தது, அது கண்ணிலேயே தெரிந்தது. பக்கத்திலிருந்த மருமகளிடம், "இங்க காத்து வரல, அந்தப் பக்கம் போவோம்," என்றார். இருவரும் எழுந்து, மின்விசிறி இல்லாத வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.