நேராகப் பிடித்தால் இடது பக்கம் போகும்

சில மனிதர்களின் கையில் காந்தம் இருக்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பினேன். நாற்பத்தேழு வயது, எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, அல்சூரில் சொந்தக் கடை, இத்தனையும் வைத்துக்கொண்டு நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதை ஒரு மனிதரிடம் சிரித்துக்கொண்டே சொல்லவும் சொன்னேன்.

என் தொழில் ரேஸிங் விளையாட்டுக்கான ஸ்டியரிங்குகளை ரிப்பேர் செய்வது. ஐ.டி. பையன்கள் வீட்டு ஹாலில் பக்கெட் சீட் போட்டு, மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஏதோ ஒரு வெளிநாட்டு டிராக்கில் பறப்பார்கள். அந்த ஸ்டியரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கும். திரையில் கார் வளைவில் திரும்பினால் அது கையை எதிர்த்து இழுக்கும், பள்ளத்தில் விழுந்தால் உதறும். இதற்குப் பெயர் ஃபோர்ஸ் ஃபீட்பேக். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு சின்னக் காந்தமும் சென்சாரும் உள்ளே உண்டு. என் காந்தப் பைத்தியம் அங்கேதான் பிறந்தது.

சாவி வைத்த பெருமை

ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு டிராவல்ஸ் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அதன் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் மஞ்சுநாத், கன்னடக்காரர், தமிழைத் தடுமாறாமல் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து உட்காரும். யாராக இருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"குரு, நம்ம டிரைவர்களுக்கு எல்லாம் டெஸ்ட் வெக்கணும். ரோட்டுல வெச்சா நேரம் போகுது, டீசல் போகுது. கேம் ஆட்ற ஸ்டியரிங் வெச்சு ஒரு செட் பண்ணிக் கொடு. நல்லா வந்தா இன்னும் ரெண்டு பிராஞ்ச் இருக்கு."

இன்னும் ரெண்டு பிராஞ்ச் என்ற சொல் காதில் விழுந்த நிமிடத்திலிருந்து என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நிஜ வண்டி மாதிரியே இருக்கட்டும் என்று ஒரு சாவித் துவாரம் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சத்தம் வரும், திரையில் சாலை வரும், ஸ்டியரிங்குக்கு கரன்ட் போகும்.

கரன்ட் வந்ததும் ஸ்டியரிங் ஒவ்வொரு முறையும் காலிபரேஷன் செய்துகொள்ளும். தானாக இடது கோடிக்குச் சுற்றும், வலது கோடிக்குச் சுற்றும், பிறகு திரும்பி நடுவுக்கு வந்து நிற்கும். நின்ற இடத்தை 'இதுதான் நேர்' என்று மனதில் வைத்துக்கொள்ளும். அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது. கோடிக்குக் கோடி சுற்றுவது தடதடவென்று நடக்கும். கடைசியில் நடுவுக்கு வருவதை மட்டும் அழகாக இருக்கட்டும் என்று நான் மெதுவாக்கி வைத்திருந்தேன். பார்ப்பவருக்கு அது வந்து முடிந்துவிட்டது போலவே தெரியும். தொடாதே என்று டேஷ்போர்டில் ஆங்கிலத்தில் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தேன், மாத்திரை அட்டையில் எழுதியிருக்குமே, அந்த அளவு எழுத்தில்.

மோதிரம்

டெஸ்டில் தேறுகிறவர்களுக்கு மட்டும் புது கான்ட்ராக்ட், மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு சரி. டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் அந்த அறையில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, நான் ஒருவன்தான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

தேவராஜ் அப்படித்தான் வந்தார். கோலார் தங்கவயல்காரர். விடிவதற்குள் ரயில் ஏறி வருகிற கூட்டத்தில் ஒருவர். பழைய டீசல் வேன் ஓட்டிப் பழகியவர். இந்தக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடிந்த பெண்களை வீட்டில் இறக்கிவிடும் வண்டி அவருடையது. ஒரு கீறல்கூடக் கிடையாது என்று மஞ்சுநாத்தே சொன்னார்.

நான் பின்னால் கன்சோலில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் திரையில் அவருடைய கார் இடது பக்க நடைபாதையை உரசியது. திருத்தினார். மறுபடி உரசியது. ஒரு இளநீர் வண்டியை இடித்தது.

"சார், நேராத்தான் புடிச்சிருக்கேன். வண்டி எடது பக்கம் போவுது. கைய வேற வலது பக்கம் தள்ளுது."

நான் எழுந்து போய் சாவியை அணைத்து, மறுபடி போட்டு, ஓட்டிக் காட்டினேன். தண்டவாளத்தில் போவது மாதிரி நேராகப் போனது.

"நீங்க ஓட்டினா போவுது. நான் ஓட்டினா இழுக்குது. இன்னா சார் இது?"

"வண்டிக்கு உங்களப் புடிக்கலண்ணா. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி மூஞ்சத் திருப்பிக்குது."

அறை சிரித்தது. அவரும் சிரித்தார்.

வெளியே ஜோக், உள்ளே கணக்கு. இரண்டு பிராஞ்ச் என் கண்ணெதிரே இடது பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கேபிளை மாற்றினேன். மோட்டாரின் பலத்தைக் குறைத்தேன், கூட்டினேன். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். எர்த் சரியில்லையோ என்று ஒரு ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டினேன். எல்லாவற்றுக்கும் பிறகு நானே சாவி போட்டு ஓட்டிப் பார்ப்பேன், நேராகப் போகும். அப்போதுதான் அவர் விரலில் இருந்த இரும்பு மோதிரம் கண்ணில் பட்டது.

"அண்ணா, அது என்ன, தங்கவயல்காரர் விரல்ல இரும்பு?"

"தங்கத்த எல்லாம் தோண்டிக் குடுத்துட்டோம் சார். மிச்சம் இதான்."

"கழட்டுங்க. உள்ள காந்தம் இருக்கு. உங்க கைலயும் காந்தம் இருக்கும்போல."

மோதிரம் கழலவில்லை. வருஷக்கணக்கில் விரலோடு வளர்ந்தது. பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் சோப்பு போட்டு நான் இழுத்தேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மற்ற டிரைவர்கள் வாசலில் நின்று 'காந்தம், காந்தம்' என்று கிண்டல் செய்தார்கள். கழன்றபோது விரல் சிவந்திருந்தது. அப்படியே அழைத்து வந்து சீட்டில் உட்கார வைத்தேன். சாவியை டெஸ்ட் கொடுக்கிறவர்தான் போட வேண்டும், அது கம்பெனி ரூல். அவரே போட்டார். இளநீர் வண்டியை மறுபடி இடித்தார்.

மஞ்சுநாத் பொறுமை இழந்துவிட்டார். "குரு, ஒரே வார்த்தைல சொல்லு. மெஷின் சரியா இருக்கா, இல்வா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒரே வார்த்தைதான். நான் சொன்னது: "மெஷின் பர்ஃபெக்ட் சார்."

"ஹங்காத்ரே, அப்படின்னா, ஆளு ப்ராப்ளம்" என்றார் அவர், கணக்கு முடிந்த குரலில்.

பிரின்ட் அவுட்டில் 'ஸ்டியரிங் கட்டுப்பாடு நிலையற்றது' என்று வந்தது. அந்த வாக்கியத்தை எழுதி சாஃப்ட்வேருக்குள் வைத்ததும் நான்தான். தேவராஜ் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். மோதிரத்தை மறுபடி போட முயன்றார். விரல் வீங்கியிருந்தது.

மேசைக்குக் கீழே

சில வாரங்கள் கழித்து, பெடல் ஆடுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்து ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே ஒரு வயதான டிரைவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்வதற்குள் சாவியைத் திருப்பினார்.

என் மூக்குக்கு மேலே மோட்டார் இடது கோடிக்குச் சுற்றியது, வலது கோடிக்குச் சுற்றியது, மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. நடுவுக்கு வரவில்லை. பாதியில் 'ங்ங்' என்று ஒரு முனகல் கேட்டது, நின்றுவிட்டது. மேலேயிருந்து ஒரு முணுமுணுப்பு: "முருகா, போற வண்டி பத்திரமா திரும்பி வரணும்."

எழுந்தேன். மேசையின் இரும்புச் சட்டத்தில் நெற்றி மோதியது. இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது, தகுதியான இடத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பெரியவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்து, தலை குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். இதைச் செய்யாத டிரைவர் உண்டா? நானே தினமும் ஸ்கூட்டர் ஹேண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கிளம்புகிறேன். இளவயது டிரைவர்கள் கும்பிட்டுவிட்டுச் சாவி போடுவார்கள். பழைய டீசல் வண்டியில் பழகியவர்கள் முதலில் சாவி போட்டு, இன்ஜின் கொஞ்சம் சூடாகட்டும் என்று விட்டு, அந்த நேரத்தில் கும்பிடுவார்கள். தேவராஜும் கும்பிட்டிருக்கிறார், அவர் முதுகு குனிந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்திருக்கிறேன். நானும் செய்கிற காரியம் என்பதால் அது ஒரு காரியமாகவே எனக்குத் தெரியவில்லை. கையில் காந்தம் இருக்கலாம் என்று யோசித்தவனுக்கு, கையே அங்கே இருக்கிறது என்று தோன்றவில்லை.

சரிசெய்ய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சாவிக்கும் ஸ்டியரிங் கரன்ட்டுக்கும் இருந்த தொடர்பை வெட்டிவிட்டேன். டிரைவர் அறைக்குள் வருவதற்கு முன்பே காலிபரேஷன் முடிந்துவிடும். பெரியவரை மறுபடி ஓட்டச் சொன்னேன். நேராகப் போனார்.

மஞ்சுநாத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஈகேன் மாடோது குரு? இப்ப என்ன பண்றது? லிஸ்ட் மேல போயிடுச்சு. அவர் வண்டிக்கு வேற ஆளு வந்தாச்சு. நீதானே பர்ஃபெக்ட்னு சொன்னே?"

ஆமாம். நான்தான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் 'நீங்க செஞ்சா சரியா வருது, நான் செஞ்சா வரல' என்று சொன்னால், சிரிக்காதீர்கள். உபகரணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதல் நொடியிலிருந்து அவருடைய கையைப் பாருங்கள்.

போன்

தேவராஜின் நம்பரை வேறொரு டிரைவரிடம் வாங்கினேன். என்ன சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். மூன்றிலும் ஒரு ஜோக் இருந்தது, மூன்றையும் விட்டுவிட்டேன்.

"அண்ணா, அல்சூர்லேர்ந்து பேசறேன். ஸ்டியரிங் ரிப்பேர்..."

"காந்தம் சாரா!" என்றார். குரலில் உண்மையான சந்தோஷம். "நல்லா கீறீங்களா?"

"நல்லா இருக்கேன்ணா. நீங்க எந்த வண்டில இருக்கீங்க?"

"வண்டி விட்டுட்டேன் சார். ஒரு அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன், கேட்டு வேலை. உக்காந்த வேலைதான்."

"ஏண்ணா விட்டீங்க?"

"கை இழுக்குதுல்ல சார்."

வரிசையாகச் சொன்னேன். சாவி, ஸ்டியரிங் தானாகச் சுற்றுவது, அவர் கும்பிட்டது, அது பாதியில் நின்றது. கோளாறு நான் வைத்த சாவியில் இருந்தது, உங்கள் கையில் இல்லை என்றேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கார் ஹாரன் அடித்தது, கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

"சாமி கும்பிட்டா வண்டி கோணயா போவுமா சார்? நீங்க அன்னிக்கும் இப்டித்தான் தமாஷா பேசினீங்க."

"தமாஷ் இல்லண்ணா. சத்தியமா."

"நல்ல மனசுல சொல்றீங்க, தெரியுது. ஆனா எனக்கே தெரிஞ்சுபோச்சு சார். டெஸ்டுக்கு அப்புறம் மாசம் முடியற வரைக்கும் வண்டி ஓட்டினேன்ல? எடது பக்கம் போற மாதிரியே இருந்துது. ரோட்டையே பாக்க முடியல, கையத்தான் பாத்துக்கினு ஓட்டினேன். நரம்பு டாக்டர்கிட்ட காட்டினேன், ஒண்ணும் இல்லன்னாரு. டாக்டருக்குப் புரியல, மெஷினுக்குப் புரிஞ்சிருக்கு. பொண்ணுங்க உக்கார்ற வண்டி சார். ஏதாவது ஆயிருந்தா? நீங்க கண்டுபுடிச்சது நல்லதாப் போச்சு."

நேரிலும் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். என் ஸ்கூட்டரையாவது ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டினேன். வேண்டாம் சார் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நடந்தது இதுதான். தேவராஜ் சாவியைத் திருப்பினார். இன்ஜின் சத்தம் வந்ததும் கும்பிட்டார். கை பட்டதால் ஸ்டியரிங் வலது கோடியிலிருந்து நடுவுக்கு வருவதற்கு முன்பே நின்றது. நின்ற இடத்தை அது நேர் என்று எடுத்துக்கொண்டது, உண்மையான நேர் அதற்கு இடதாகிவிட்டது. அவர் நேராகத்தான் பிடித்திருந்தார்.