ஓடை தெளியும் வரை

பதுளை ஓயா ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைகளில் ஒன்று, தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் காட்டில் பிறக்கிறது. உயர்தர வகுப்பில் புவியியல் படிக்கும் என் மகளுக்கு அந்த ஊற்றைப் பார்த்தே ஆக வேண்டும். பல நாள் மழை விட்டு நல்ல வெயில் வந்ததும் கிளம்பினோம்.

கடைசி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"மெதுவா வாங்கப்பா. ஆறு எங்கயும் ஓடிப் போயிறாது" என்று சிரித்துவிட்டு அவள் முன்னால் போனாள்.

ஓடையோரக் கல்லில் உட்கார்ந்து அள்ளிக் குடித்தேன். பல் கூசும் குளிர். இரண்டாம் முறை அள்ளியபோது உள்ளங்கையில் செம்மண் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் மேகமில்லை. மழையில்லாமல் ஓடை கலங்கினால் மலை நகர்கிறது என்று அர்த்தம். மீரியபெத்த தோட்டம் மண்சரிவில் புதைந்து போன பிறகு எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். உடனே கீழே ஓட வேண்டும். நான் மேலே ஓடினேன். மகளைக் கூப்பிட்டுக்கொண்டே, கையில் அகப்பட்ட வேரையெல்லாம் பிடித்து ஏறினேன்.

பாறை இடுக்கின் முன்னால் குந்தியிருந்தாள். முழங்கை வரை சேறு. காதில் பாட்டு.

"பாருங்கப்பா, இலையும் மண்ணும் அடைச்சுக் கெடந்துச்சு. தோண்டி விட்டேன். இப்பத்தான் ஊத்து தெரியுது."

"நீயா கலக்குன?"

"ஆமா. ஏன்ப்பா, இப்படி ஓடி வர்றீங்க?"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ஒருவரும் இல்லை. அவர்கள் குடிப்பதும் அந்த ஓடைத் தண்ணீர்தான். பிள்ளைகளோடும் பைகளோடும் ரோட்டில் நின்று எல்லாரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதுளையிலிருந்து ஊற்றைப் பார்க்க வந்ததையும் நடந்ததையும் சொன்னேன். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் என் மகளின் கைகளைப் பார்த்தாள்.

"ஏன் புள்ள, பதுளையில ஒனக்குச் சேறு கெடைக்கலியா?"

யாரோ சிரித்தார்கள். மகள் அழத் தொடங்கினாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்கம்மா" என்றேன்.

"நீங்க சொல்றீங்க சார். தண்ணியும் சொல்லட்டும்."

ஓடைத் தண்ணீர் விழும் பீலியில் இன்னும் செம்மண் வடிந்தது. மகள் தோண்டியது எவ்வளவு, மலை தானாக விட்டது எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. பதுளை பஸ் வந்து ஹார்ன் அடித்தது. நாங்கள் ஏறவில்லை.

தண்ணீர் தெளிய வெகுநேரமாயிற்று. அப்போதும் யாரும் நகரவில்லை. அந்தப் பெண்தான் குழந்தையை என் மகளிடம் கொடுத்துவிட்டு, முதலில் தனியாக லயத்து வீட்டுக்குள் போனாள்.