நான் மாற்றிச் சொன்ன வசனம்

நாள் முழுவதும் அலுவலகங்களில் பிறர் பேச்சை மொழிபெயர்த்துக் களைத்து, இன்று ஹம்பேர்க்கில் எஸ்-பான் நகர ரயிலில் ஏறியபோது, பக்கத்தில் நின்றவரின் நனைந்த கம்பளிக் கோட்டு வாடை என்னை, சிறுவயதில் நாங்கள் இருந்த, இப்போது கார் தரிப்பிடமாகிவிட்ட அகதி முகாமின் பொது அறைக்கு இழுத்துப் போய்விட்டது. ஹீட்டரில் காயும் ஜாக்கெட்டுகள், யன்னலில் வழியும் நீராவி, ஞாயிறு பின்னேரத் தொலைக்காட்சியில் ஜெர்மன் பேசும் குதிரைக்காரர்கள். பள்ளிக்கூடம் போய் ஜெர்மன் பழகியவள் நான் ஒருத்திதான் என்பதால், வந்த கடிதங்களைப் போலவே படங்களையும் பெரியவர்களுக்கு நானே தமிழில் சொல்ல வேண்டும்.

அன்றைய படத்தில் ஒரு கிழட்டுக் கொள்ளைக்காரன், தான் சுடப் பழக்கிய இளம் கூட்டாளியைக் குதிரையில் ஏற்றிவிட்டு, குண்டு பட்ட வயிற்றைப் பொத்தியபடி பாறையில் சாய்ந்து ஏதோ சொன்னான்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"எனக்காகக் காத்திருக்காதே" என்றுதான் அவன் சொன்னான். பத்து வயதில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நீ முன்னால போ, நான் பின்னால வாறன் எண்டு சொல்லுறார்."

"அப்ப சரி" என்று பக்கத்து அறை அக்கா ஆறுதலானார். அப்பா மட்டும் எழுந்து, இன்னும் காயாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த வசனம் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். கொழும்பில் எங்களை விமானம் ஏற்றிவிட வந்த அண்ணா சொன்னது அது. அண்ணா வரவில்லை.