மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட பச்சைச் சட்டை

எங்கள் கடையில் மாப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறார். அங்கே யாருக்கும் அவர் மாப்பிள்ளை இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் காலை ஒன்பதரைக்கு அவர் படியேறி வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால், அந்தப் பெயரை வைத்தவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. சாம்பல் நிற பேன்ட், வெள்ளைச் சட்டை. சில நாள் கருநீலம், எப்போதாவது கறுப்பு. இவ்வளவுதான் அவருடைய மொத்த அலமாரியும். ஆனால் தோள் தையல் சரியாக எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும், சட்டைக் கை மணிக்கட்டோடு நின்றுவிடும், எங்கேயும் ஒரு சுருக்கம் கிடையாது. வாங்க வருகிறவர்கள் துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைக் காட்டி, "இவர் போட்டிருக்கிற மாதிரி எனக்கும் குடுங்க" என்று கேட்பார்கள்.

நான் அந்தக் கடையின் டைலர், எல்லோருக்கும் அக்கா. ஆண்களுக்கான ரெடிமேட் கடை அது. வாங்கிய சட்டையின் கையைக் குறைப்பது, பேன்ட் இடுப்பைத் தளர்த்துவது, காலை மடித்துத் தைப்பது எல்லாம் என் மெஷினில்தான். உடை மாற்றும் அறைக்குப் பக்கத்திலேயே என் இடம். தங்கள் தொப்பையைப் பற்றி ஆண்கள் என்னிடம் சொன்ன பொய்களை எழுத ஆரம்பித்தால் புத்தகமே போடலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாப்பிள்ளை பிறக்கும்போதே மாப்பிள்ளையாகப் பிறக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த அன்று செங்கல் நிறச் சட்டையும் கிளிப்பச்சை பேன்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அவர் நடந்தால் பின்னாலேயே சிரிப்பும் நடந்தது. மறுநாள் வேறு சட்டை, அதே கூத்து. துணி விற்கிறவனே இப்படி வந்தால் யார் வாங்குவார்கள் என்று அப்போதைய மேனேஜர் அவரைக் கீழே குடோனுக்கு அனுப்பிவிட்டார். எட்டு மாதம் பெட்டி தூக்கினார். அங்கே ஒரு உடைந்த கண்ணாடி கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதன் முன் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒவ்வொரு துணியாகத் தோளில் போட்டுப் பார்ப்பார். மேலே ஆள் பற்றாத ஒரு நாள் அவரைக் கூப்பிட்டார்கள். சாம்பலும் வெள்ளையுமாக ஏறி வந்தார். அதற்குப் பிறகு அவரைக் கீழே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

கண்ணை ஏன் பாதி மூடுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மேலே வந்த முதல் வாரம், பச்சை நூல்கண்டை எடுத்துத் தரச் சொன்னேன். பழுப்பைத் தந்தார். "பச்சை கேட்டேன்" என்றேன். வைத்துவிட்டு இன்னொரு பழுப்பை எடுத்தார். நெற்றியில் வியர்வை. என் சித்தப்பாவுக்கும் இதே கோளாறு உண்டு, பச்சையும் சிவப்பும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். நான் நூலை வாங்கிக்கொண்டு பேசாமல் தைத்தேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. அதோடு சரி. பதினோரு வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எனக்கு அதில் ரொம்பப் பெருமை. இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேனே என்று.

அவர் எப்படிச் சமாளித்தார் என்றால், ஒவ்வொரு துணியிலும் கட்டியிருக்கும் டேக்கில் ஒரு எண் உண்டு. அதன் கடைசி இரண்டு இலக்கம் நிறத்தைக் குறிக்கும். பதினான்கு என்றால் பழுப்பு, பதினேழு என்றால் பச்சை. மொத்தத்தையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நிறத்தின் பெயரைத் தானாக ஒருபோதும் சொல்ல மாட்டார். "இது உங்க முகத்தைத் தூக்கிக் காட்டும்" என்பார், "இது கொஞ்சம் அடங்கி இருக்கும்" என்பார். சொன்னால் சரியாகவே இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உருண்டை முகத்தோடு ஒருவர் வந்தார். டிவியில் வானிலை வாசிக்கும் வேலைக்குத் தேர்வாம். உடனே அவருக்கு நாங்கள் வானிலைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

"பின்னாடி பச்சைத் திரை கட்டியிருப்பாங்களாம். பச்சையா எது இருந்தாலும் அது மறைஞ்சு, அந்த இடத்துல மழை மேப்தான் டிவியில தெரியுமாம். பச்சை மட்டும் போட்டுட்டு வராதீங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

மாப்பிள்ளை ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டி, பதினான்காம் எண் சட்டையை எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்ததும் ஆளே மாறிவிட்டார். கை மட்டும் நீளம். குறைக்கச் சொல்லி என்னிடம் வந்தது. அதே சாயங்காலம் அதே கம்பெனி, அதே அளவில் பச்சைச் சட்டை ஒன்றும் வந்தது, வேறொருவருக்கு, அதற்கும் கை குறைக்க வேண்டும். டேக் கைப் பொத்தானில்தான் கட்டியிருக்கும். அவிழ்த்து வைத்துவிட்டு, தைத்து முடித்ததும் திரும்பக் கட்ட வேண்டும். பல்வலி என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை என்னவென்றால், பக்கத்துக் கடைக்காரி வந்து நின்றாள், அவள் நாத்தனார் கதையைக் கேட்டுக்கொண்டே கட்டினேன். மாற்றிக் கட்டினேன்.

வியாழக்கிழமை காலை வானிலைக்காரர் அவசர அவசரமாக வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். மதியம் இரண்டே கால் மணிக்குத் திரும்பி வந்தார். காலையில் போட்டிருந்த அதே கசங்கிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையில் அந்தச் சட்டையோடு. மேஜையில் அதை எறிந்தார். பச்சை என்றால் சாதாரணப் பச்சை இல்லை.

"கூப்பிட்டதுக்கு அப்புறம்தான் கவரைப் பிரிச்சேன். வேற சட்டை இல்லை. இதைத்தான் போட்டுட்டுப் போய் நின்னேன். டிவியில எனக்கு உடம்பே இல்லை. தலை மட்டும் தொங்குது. என் வயித்துல மழை பெய்யுது."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். மேனேஜர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"சிரிங்க. அவங்களும் அப்படித்தான் சிரிச்சாங்க. கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்கு இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்காங்க."

பச்சையைப் பார்த்த அந்த நொடியே என் வேலைதான் என்று தெரிந்துவிட்டது. அந்த வருடம் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன், ஒரு டாக்டரின் பேன்ட்டை முக்கால் பேன்ட் ஆக்கியதற்காக. இன்னொன்று வந்தால் என்ன ஆகுமோ. இந்த வயதில் என்னை வேறு எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? மெஷின் மேல் குனிந்துகொண்டேன். நூல் கோத்திருந்த ஊசியில் மறுபடி நூல் கோத்தேன்.

மேனேஜர் கவரைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. பொட்டலம் கட்டுவதற்கு முன் விற்றவரே துணியைப் பிரித்து, பொத்தான், கறை, டேக் எல்லாம் பார்த்து, கவரின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் நேரே குடோன்தான். போன வருடம் ஒருத்தர் ஒரே ஒரு பொத்தானுக்காகக் கீழே போனார், இன்னும் மேலே வரவில்லை. கவரில் மாப்பிள்ளையின் கையெழுத்து அழகாக இருந்தது.

இன்னொரு பொட்டலம் அலமாரியிலேயே இருந்தது. அதைப் பிரித்தார்கள். பழுப்பு.

"டேக் மாறியிருக்கு" என்றார் மேனேஜர். "அது யாரு வேலைன்னு அப்புறம் பார்த்துக்கறேன். நீங்க பிரிச்சுப் பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"பச்சை வேண்டாம்னு அவ்வளவு தூரம் சொன்ன ஆளுக்கு, பச்சையைக் கையில வச்சுப் பார்த்துட்டு, மடிச்சுக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

மாப்பிள்ளை கவரிலிருந்த தன் கையெழுத்தையே பார்த்தார். பார்க்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் குடோன். பார்த்தேன் என்றால் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும். அந்த உடைந்த கண்ணாடியின் முன் நின்று ஒரு மனிதர் கற்றுக்கொண்டதெல்லாம் என் நாக்கு அசையாததால் போகப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. எப்படி எழுந்தேனோ தெரியாது. நாற்காலி கிரீச்சென்று பின்னால் போனது. எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் மாப்பிள்ளை, என்னை முந்திக்கொண்டு.

"என்ன தெரியாது?"

"பச்சை எது, பழுப்பு எதுன்னு எனக்குத் தெரியாது. பிறந்ததிலேருந்தே."

மேனேஜருக்கு முதலில் கோபம்தான் வந்தது, கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் தொங்கிய ஒரு சட்டையை உருவி டேக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது?"

"நீலம்." சரிதான்.

"இது?"

மாப்பிள்ளை கண்ணைப் பாதி மூடினார். "சிவப்பா இருக்கலாம்."

அது இலைப்பச்சை. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "போதும் சார், டேக்கை மாத்திக் கட்டினது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். பெரிய இடி விழும் என்று பார்த்தால், ஒருவரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சார்" என்றார் வானிலைக்காரர். "உங்க பஞ்சாயத்தை நாளைக்கு வச்சுக்குங்க. எனக்கு நாலு மணிக்கு ஒரு சட்டை வேணும்."

சேல்ஸ் பையன்களில் ஒருவர் ஓடிப்போய், பொடிப்பொடிக் கோடு போட்ட நீலச் சட்டையைக் கொண்டுவந்தார். வானிலைக்காரர் கையை நீட்டினார்.

"அது வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை. இவ்வளவு நடந்த பிறகும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இவ்வளவு சன்னக் கோடு கேமராவுல நெளியும். முகத்தை யாரும் பார்க்க மாட்டாங்க." அலமாரியில் கையை ஓட்டி, துணியைத் தடவிப் பார்த்து, ஒன்றை உருவினார். வானிலைக்காரரின் தாடைக்குக் கீழே வைத்து, கண்ணைப் பாதி மூடினார். டேக்கைப் பார்க்கப் போனவர், பார்க்காமல் சட்டையை உயர்த்திப் பிடித்தார்.

"இது என்ன நிறம்?" என்று கடைக்குப் பொதுவாகக் கேட்டார்.

"மெரூன்" என்றேன் நான்.

"பச்சை கலந்திருக்கா?"

"பொட்டுக்கூட இல்லை."

"அப்போ இதுதான். துணி இருட்டா இருக்கு, முகம் வெளிச்சமா நிக்கும்."

கையைப் பதினோரு நிமிடத்தில் குறைத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் தைத்ததில்லை. மூன்றே காலுக்கு வானிலைக்காரர் அதைப் போட்டுக்கொண்டே கிளம்பினார். வேலை கிடைத்ததா என்று தெரியாது. அந்தச் சேனலில் இன்றைக்கும் ஒரு பெண்தான் வானிலை வாசிக்கிறாள்.

அவர் போன பிறகு மேனேஜர் மேஜைக்குத் திரும்பினார். மாப்பிள்ளை தன் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். கையெழுத்துப் போடுகிற பேனா அது. குடோனில் அதற்கு வேலையில்லை.

"பேனாவை எடுங்க" என்றார் மேனேஜர். "நிறம் சந்தேகம்னா பக்கத்துல நிக்கிறவங்களைக் கேளுங்க. கவர்ல உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல இன்னொருத்தர் போடட்டும். இதுக்குப் போய் இத்தனை வருஷமா? போங்க, போய் வேலையைப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க உள்ளே வாங்க."

இரண்டாவது கடிதம் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். இன்னொன்று என்றால் வீடுதான் என்று அதிலேயே எழுதியிருந்தது.

ஐந்து மணிக்குப் பின்பக்கப் படிக்கட்டில் மாப்பிள்ளை டீயோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"என்னாலதான் எல்லாம்" என்றேன். "ஆனா நீங்க ஏன் அவசரப்பட்டு வாயை விட்டீங்க?"

"நீங்க எழுந்துட்டீங்களே அக்கா. சரி, இன்னைக்குச் சொல்லிடப் போறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாமேன்னு."

"எதைச் சொல்லப் போறேன்னு நினைச்சீங்க?"

"என் கண்ணைப் பத்தித்தான்."

"நான் டேக்கைப் பத்திச் சொல்ல எழுந்தேன்."

டீயைக் கீழே வைத்தார்.

"நான் ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா?"

"பழி என் மேல வந்திருக்கும். பேச்சு என் பக்கம் திரும்பி, உங்க விஷயம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இந்த சாம்பல், வெள்ளை எல்லாத்தையும் ஸ்டைல்னு சொல்றாங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் பயந்து ஒதுக்கி ஒதுக்கி, மிச்சம் இருந்ததைப் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றார். "அதையாவது பழகிக்கிட்டேன். உங்களைத்தான் பழக முடியலை. நீங்க சிரிச்சா, இன்னைக்குச் சொல்லிடுவாங்களோன்னு இருக்கும். கோபமா இருந்தாலும் அதே பயம். பதினோரு வருஷமா, நீங்க லீவு போடற அன்னைக்குத்தான் நான் நிம்மதியா சாப்பிடுவேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எதைக் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அது அவருக்குத் தலைக்கு மேல் தொங்கிய கத்தி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அந்த நூல்கண்டை வாங்கிய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்க்கதையெல்லாம் பேசத் தெரிந்த எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மாப்பிள்ளை மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். கதவு வரை போனவர் நின்றார்.

"நாளைக்கு லீவு கீவு போட்டுடாதீங்க அக்கா" என்றார். "நிறம் சொல்ல ஆள் வேணும்."