எட்டு மில்லி வயிறு

அவரை எல்லோரும் ‘அரை மில்லி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலோ, மேஜையோ, மீன்தொட்டியோ, அளவு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தத் துண்டை ஒதுக்கி வைத்துவிடுவார். “கல்யாணத்துக்கு முன்னாடி என்னை டேப் வச்சு அளக்காம விட்டாரே, அதுவே பெரிசு” என்பாள் அவர் மனைவி.

பதினேழு வயதில் உடைந்த சில்லுகளைப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டில் அதே கடையின் வெட்டு மேஜை அவருடையதாகியிருந்தது. கவனமான மனிதர். ஆனால் கவனமானவர்களிடம் ஒரு குறை உண்டு. தாம் கேட்டது எதிராளிக்கும் அதே பொருளில்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிவிடுவார்கள்.

அந்தக் கடையில் கண்ணாடிக்கு உடம்பு உண்டு. விளிம்பு என்றால் உதடு. மூலை என்றால் காது. தண்ணீர் அழுத்தி, தொட்டியின் முன்கண்ணாடி வெளியே புடைத்தால் அதற்குப் பெயர் வயிறு.

ஒரு புதன்கிழமை, விளிம்பு தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்காவின் கணவர் போன் செய்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஐந்தடி மீன்தொட்டி அரை மில்லி செய்து கொடுத்தது.

“மச்சான், தொட்டி மேல குறுக்க ஒரு நடுப்பட்டை இருக்கே, அதை எடுத்துட்டேன். புது லைட்டு நீளமா இருக்கு, இடிச்சுது. பிளேடால அறுத்தேன், அழகா வந்துடுச்சு.”

முன்கண்ணாடியையும் பின்கண்ணாடியையும் இழுத்துப் பிடித்திருப்பது அந்தக் கண்ணாடிப் பட்டைதான். அழகுக்காக வைத்ததல்ல.

“எப்ப எடுத்தீங்க?”

“நேத்து காலையில.”

“வயிறு எப்படி இருக்கு அத்தான்?”

அத்தானுக்குப் பன்னிரண்டு வருஷமாக வயிற்றுப்புண். யார் விசாரித்தாலும் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்.

“நேத்து கொஞ்சம் உப்பிக்கிட்டு இருந்துச்சு. இன்னைக்குத் தேவலாம்.”

“குறைச்சிட்டீங்களா?”

“ஆமா ஆமா, பாதியாக் குறைச்சுட்டேன்.”

“அப்படியே வச்சிருங்க, கூட்டிடாதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து புதுப்பட்டை போட்டுடறேன்.”

“சரிங்க டாக்டரே” என்று சிரித்தார் அத்தான். அதையும் அரை மில்லி வழக்கமான கேலி என்றே எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். “தம்பி, தொட்டிலேர்ந்து ஒரு சத்தம் வருதுடா. நகம் வெட்டற மாதிரி டக்கு டக்குன்னு.”

“பாதித் தண்ணிலயா?”

“பாதியாவது ஒண்ணாவது. விளிம்பு வரைக்கும் ரொம்பி நிக்குது. பாதியானது உங்க அத்தானோட சாப்பாடுதான். நீ சொன்னியாமே?”

அவர் கையிலிருந்த வெட்டுக்கோலை மேஜைமேல் வைத்தார். “அக்கா, அது முன்னாடி யாரும் நிக்காதீங்க. நாற்காலியையும் எடுத்துடு. நான் வர்றேன்.”

நானூறு லிட்டர் தண்ணீர், அதாவது நானூறு கிலோ. கண்ணாடி போனால் அப்படியே முன்னால்தான் விழும். சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவே இரண்டடிதான் இடைவெளி; அக்கா நாளெல்லாம் நடப்பது அதன் வழியாகத்தான். வண்டியில் போகும் வழியெல்லாம் அந்த இரண்டடிதான் அவர் கண்முன் நின்றது.

உள்ளே நுழைந்தபோது அத்தான் இரண்டு கைகளாலும் முன்கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கையை எடுங்க அத்தான்.”

“ஒரு பிடிமானமா இருக்கட்டுமேன்னு…”

“நானூறு கிலோவையா பிடிக்கப் போறீங்க? எடுங்க. மெதுவா. பக்கவாட்டுல வாங்க.”

பக்கத்தில் நின்று டேப்பை நீட்டி உள்பக்க அகலத்தை அளந்தார். இரண்டு ஓரத்திலும் நானூற்று முப்பது மில்லி. நடுவில் நானூற்று முப்பத்தெட்டு. இன்னொரு முறை அளந்தார். அதே முப்பத்தெட்டு.

சுமை கட்டும் துணிப்பட்டையைக் கொண்டுவந்திருந்தார். தொட்டியைச் சுற்றிக் கட்டி இறுக்கினால் வயிறு உள்ளே போகும். ஆனால் இத்தனை தண்ணீரோடு இறுக்கினால் எந்த ஒட்டு முதலில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டையைத் தரையில் போட்டார். தண்ணீர் இறங்கியாக வேண்டும். வேறு வழியில்லை.

குளியலறை வரை இரண்டு குழாய்கள் போட்டார். வாயால் உறிஞ்சி, பாசித் தண்ணீரைத் துப்பிவிட்டு, முனையைக் கீழே விட்டார். மீன்களுக்காக முதலில் மூன்று டப்புகள் நிரம்பின. பதினொரு பொன்மீன்களையும் அக்கா ஓரத்தில் நின்றபடியே வலையால் அள்ளி மாற்றினாள்.

டக்.

மூவரும் அசையவில்லை.

“உடைஞ்சுடுச்சா?” என்றார் அத்தான் குரலே இல்லாமல்.

“உடைஞ்சா கேக்க வேண்டியிருக்காது.”

நான்கு விரல் தண்ணீர் இறங்கியது. அளந்தார். முப்பத்தாறு. ஒரு சாண் இறங்கியது. முப்பத்து மூன்று. அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டினார். பாதிக்குக் கீழே போனதும் முப்பத்தொன்று. அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

“நீங்க என் வயித்தைத்தானே கேட்டீங்க?” என்றார் அத்தான். பயத்தில் மரியாதை கூடியிருந்தது.

“தப்பு என்னோடது அத்தான். ‘தண்ணி எவ்வளவு இருக்கு’ன்னு கேட்டிருக்கணும். கடைப் பேச்சைக் கொண்டுவந்து உங்ககிட்ட பேசிட்டேன்.”

“ரெண்டு பேரும் வயித்தையே பேசி, கடைசில வயித்தெரிச்சல் எனக்கு” என்றாள் அக்கா.

தொட்டி காலியானதும் நடு அகலம் நானூற்று முப்பதுக்கே திரும்பியது. ஒட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பார்த்தார். எதுவும் பிரிந்திருக்கவில்லை. பழைய பட்டையின் உதடு பிளேடு பட்டுச் சில்லு பெயர்ந்திருந்ததால் புதிதாக வெட்டினார். பழைய சிலிக்கான் பசையின்மேல் புதிய பசை பிடிக்காது. அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பட்டையை ஒட்டிவிட்டு, “ஏழு நாள்” என்றார்.

மறுநாளே அத்தான் தொட்டுப் பார்த்துவிட்டு போன் செய்தார். “காய்ஞ்சிடுச்சு மச்சான், விரல்ல ஒட்டவே இல்ல.”

“மேல்தோல் காய்ஞ்சிருக்கு. உள்ள பச்சையாத்தான் இருக்கும்.”

நான்காம் நாள் ஒரு மீன் செத்தது. அத்தானின் குரல் உயர்ந்தது. “உன் கணக்குக்காக எல்லாத்தையும் சாகடிக்கணுமா?”

“டப்புத் தண்ணியைத் தினம் பாதி மாத்துங்க அத்தான். ஏழு நாள்.”

செத்த மீனுக்காக அவரும் வருந்தினார் என்று மனைவி பிறகு சொன்னாள். அத்தானிடம் அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை. இளகியிருந்தால் நல்ல மனிதர் என்று பெயர் கிடைத்திருக்கும். அவருக்கு அது தேவைப்படவில்லை. அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய நல்ல சொல் இதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் வந்து கால் பங்கு நிரப்பினார், அளந்தார். பாதி நிரப்பினார், அளந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மணி நேரம் காத்திருந்தார். விளிம்புக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றபோது, பட்டையை ஒட்டி இருபுறமும் டேப்பை வைத்தார். நானூற்று முப்பது. நானூற்று முப்பது.

பத்து மீன்களும் உள்ளே போயின. அத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

“இப்பவாவது நான் சமைக்கப் போலாமா?” என்றாள் அக்கா. சமையலறைக்குப் போகும் வழி தொட்டிக்கும் சோபாவுக்கும் நடுவே இருந்த அந்த இரண்டடிதான்.

“போ. இன்னைக்கு மட்டும் பின்வழியா சுத்திப் போ.”

அவள் ஏதோ முணுமுணுத்தாள். ஆனால் சுற்றித்தான் போனாள்.