அவர் நம்பருக்குப் போன ரிசல்ட்

தென்காசியில் ஒரு லேப்பில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறேன். சதைத்துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது என் வேலை. ஒரு துண்டில் இரண்டு மூன்று சீவல்களைத்தான் பார்ப்போம். மிச்சத்தில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யார் கண்டது?

அதனால்தான், என் மார்பிலிருந்த கட்டியை எடுத்தபோது, அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சை மதுரைக்கு அனுப்பச் சொல்லி நானே கேட்டேன். அங்கே புது மாதிரி மைக்ராஸ்கோப் வந்திருந்தது. முடிச்சைச் சீவாமலே மருந்தில் ஊறவைத்துக் கண்ணாடி மாதிரித் தெளியவைத்து, உள்ளே ஒளியைப் பாய்ச்சி, முழுவதையும் பார்த்துவிடும். புற்று மார்பைத் தாண்டிவிட்டதா என்று அதில் தெரியும். படிவத்தில் போன் நம்பர் கேட்டிருந்தது. பெண்களின் படிவங்களில் வீட்டுக்காரர் நம்பரையே எழுதிப் பழகிய கை. எனக்கும் அதையே எழுதினேன்.

ஆனிக் கடைசியில், மதுரையிலிருந்து போன் வந்ததாக வீட்டுக்காரர் சொன்னார்: "ஒண்ணுமில்லட்டி, சுத்தமா இருக்காம்." அன்றைக்கே மகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். தையல் முழுதாக ஆறவில்லை என்று அருவிக்குள் போகாமல் சாரலில் நின்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினேன். இருவரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

மதுரையில் முடிச்சை எடுத்த படத்தைப் பார்க்க எனக்கு ஆசை. தொழில் புத்தி. "போன்ல அழிஞ்சிட்டு" என்றார். ஆடி நடுவில் நானே மதுரைக்குப் போன் செய்தேன். படமெடுத்த பெண் பதறிவிட்டாள்.

"இன்னும் மருந்து ஆரம்பிக்கலையா? முடிச்சுல புத்து பரவியிருக்குன்னு அப்பவே சொன்னோமே. வேற ஊர்ல பாத்துக்கிறோம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே!"

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஆவணியில மக கல்யாணத்த வச்சிக்கிட்டு, நீ முடி கொட்டிப்போய் மணவறையில நிப்பியா? மாப்பிள வீட்ல என்ன நெனைப்பாவ? முடியட்டும்னுதான் இருந்தேன்."

ஊர் என்ன சொல்லும் என்பதைத் தாண்டி என்றைக்கும் யோசிக்காத மனிதர். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"ஏட்டி, ஒனக்கும் தெரியுமா?"

"இன்னும் ஒரு மாசந்தானம்மா" என்றாள்.

மறுநாள் காலை தனியாக மதுரை பஸ்ஸில் ஏறினேன். அவர் மேல் ஆத்திரம் இருந்தது, திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். மகளை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் கேட்டு எதையும் நான் இல்லையென்று சொன்னதில்லை. என் நாட்களை மட்டும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.